பெற்றோல் எங்கே கரைகிறது?

கல்லடியிலிருந்து கல்முனைக்குத் தினமும் காரில் போய்வருகிறேன். மேடு பள்ளமே இல்லாத ரோட்டு. ஆனாலும் பெற்றோல் தண்ணீராய்ப் போனது. பார்த்தால் குற்றவாளி டயர்தான். காற்றழுத்தம் 33 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய இடத்தில் 25! சரியான அளவு, சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் உள்ளே ஸ்டிக்கரில் இருக்கும். காலையில், டயர் சூடாகும் முன் காற்று அடியுங்கள். மத்தியான வெயிலில் ஓடிவந்து பார்த்தால் கூடுதலாகக் காட்டி ஏமாற்றும்.

அப்புறம், கடற்கரைப் பக்கம் வீடென்றால் உப்புக்காற்றில் பிரேக் துருப்பிடித்து இறுகி, ஓடும்போதும் சில்லைப் பிடித்துக்கொண்டே இருக்கலாம்; அதுவும் பெற்றோலைத் தின்னும். ஓட்டம் முடிந்ததும் நாலு சில்லுக்கும் கிட்டக் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் கராஜில் காட்டுங்கள்.

காத்தான்குடிச் சனநெரிசலில் மிதிப்பதும் பிரேக் அடிப்பதுமாக ஓட்டினால் எந்தக் காரும் குடிக்கும். முன்னால் ஆட்டோ நிற்பது தெரிந்தால் கியரிலேயே வைத்து அக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். பெற்றோலைத் தானே அளந்து தெளிக்கும் இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் அந்த நேரம் பெற்றோல் ஏறக்குறைய நின்றுவிடும். நியூட்ரலுக்குத் தட்டினால் அந்த லாபம் இல்லை.

சரி, குறைந்ததா என்று எப்படித் தெரியும்? டாங்கை நிரப்பி, ஓடி, மறுபடி நிரப்பிப் பாருங்கள். 360 கிலோமீற்றருக்கு 30 லீற்றர் பிடித்தால் லீற்றருக்கு 12.