எரியும் நிலக்கரிப் படுகையில் விளையும் கனிமங்களைச் சேகரித்துக் காக்கும் முறை

தஜிகிஸ்தானின் யக்னோப் பள்ளத்தாக்கில், ராவத் என்னும் சிற்றூருக்கு அருகே, நிலத்தடி நிலக்கரிப் படுகை யாரும் மூட்டாமலே நெடுங்காலமாக எரிந்துவருகிறது. அப்பகுதி மலைகளில் கிடைத்த நவச்சாரம் என்னும் அம்மோனியம் குளோரைடு உப்பை, நனைத்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு உள்ளே சென்று மக்கள் எடுத்துவந்ததை 10-ஆம் நூற்றாண்டு அரபுப் புவியியலாளர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். இத்தகைய இடத்தில் மாதிரி எடுக்க விரும்பும் மாணவர் முதலில் அஞ்சவேண்டியது வெப்பத்தைவிட வாயுவை. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. ஹைட்ரஜன் சல்பைடோ செறிவு மிகும்போது மோப்ப உணர்வையே மழுங்கடித்துவிடும். ஆகவே வாயுமானி இல்லாமலும் துணையில்லாமலும் போகக்கூடாது. கரி எரிந்து தீர்ந்த இடத்தில் நிலம் உள்ளீடற்றிருக்கும் என்பதால், ஒவ்வோர் அடியையும் கோலால் தட்டிப் பார்த்து, காற்று வரும் பக்கத்திலிருந்தே வாயு வெளியேறும் நிலவெடிப்பை நெருங்க வேண்டும்.

மழைக்குப் பின் செல்வதில் பயனில்லை, ஏனெனில் இக்கனிமங்களில் பல நீரில் கரைபவை. உலர்ந்த நாள்களுக்குப் பிறகு சென்று, எதையும் தொடுவதற்கு முன் வெடிப்பின் வாயிலிருந்து வெளிப்புறம் நோக்கிச் சீரான இடைவெளியில் வெப்பநிலையை அளந்து, படத்துடன் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் குறிப்பு இல்லாத மாதிரிக்கு என் மதிப்பீட்டில் பாதி மதிப்புக்கூட இல்லை. கரியிலுள்ள நைட்ரஜனும் குளோரினும் சூட்டில் அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் வெளியேறி, குளிர்ந்த வாயருகே மீண்டும் இணைந்து, திரவநிலையைத் தொடாமல் நேரே நவச்சாரப் படிகங்களாகின்றன. கந்தகம் 95 டிகிரி செல்சியசுக்கு மேல் ஊசி வடிவில் படிந்து, ஆறியபின் அதே வடிவத்துக்குள் வேறு படிக அமைப்புக்கு மாறிவிடும். வெப்பக் குறிப்பில்லாமல் இந்த மாற்றத்தை விளக்க இயலாது. ராவத்தின் பெயரைப் பெற்ற ராவடைட், ஃபினான்த்ரீன் என்னும் கரிமச் சேர்மம். ஏறத்தாழ 100 டிகிரியில் உருகிவிடுவதால் அதைக் குளிர்ந்த ஓரங்களில்தான் தேட வேண்டும். சுட்டுச் சிவந்த களிப்பாறை கெடாது. அதைச் சாதாரணப் பையில் இடலாம்.

நவச்சாரம் இரும்பை அரிக்குமாதலால் நெகிழிக் கரண்டியால் எடுத்து, சூடு தணிந்ததும், இறுக மூடும் கண்ணாடிக் குப்பியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் அங்கேயே அடைத்துவிடுங்கள். ரியல்கர் என்னும் சிவப்புக் கனிமம் ஒளிபட்டால் மஞ்சள் தூளாக உதிரும். அதற்கு இருட்டுப் பெட்டி தேவை. அது ஆர்செனிக் சேர்மம். செலினியமும் சில படிவுகளில் உண்டு. எனவே நாக்கில் வைத்துச் சுவைபார்க்கும் பழைய வழக்கம் இங்கு அறவே கூடாது.

வெண்படிவங்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். சிறிதளவைச் சுண்ணாம்புடன் சேர்த்துச் சூடாக்கும்போது அம்மோனியா நெடி எழுந்தால் அது அம்மோனியம் உப்பு. நீரில் கரைத்து, நைட்ரிக் அமிலத்தால் அமிலமாக்கி, வெள்ளி நைட்ரேட் விட்டால் குளோரைடும், பேரியம் குளோரைடு விட்டால் சல்பேட்டும் வெண்ணிற வீழ்படிவு தரும். உறுதியான அடையாளத்துக்குப் படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுச் சோதனையே வழி.

மாதிரியின் அடையாளச் சீட்டில் இடம், நாள், வெப்பநிலை ஆகியவற்றுடன் தீ மூண்ட விதத்தையும் எழுதுங்கள். தானாக மூண்ட தீயில் விளைந்ததையே இக்காலக் கனிமவியல் நெறி தயக்கமின்றிக் கனிமமாக ஏற்கும்; பராரைட் என்னும் கனிமத்துக்குப் பெயர் தந்த பராரி அமைந்துள்ள, இந்தியாவின் ஜாரியா நிலக்கரி வயலைப்போலச் சுரங்க வேலையால் தீப்பற்றிய இடங்களின் மாதிரிகளைத் தனி வரிசையில் வைக்க வேண்டும்.