அமெரிக்காவில் உயிரியல் பிஎச்.டி: எந்த உதவித்தொகைக்கு எழுதலாம், எதற்கு எழுதவே கூடாது

எஃப்-1 விசாவில் படிப்பவர்களுக்காக எழுதுகிறேன். இடம் கிடைத்து, ஆஃபர் லெட்டரும் கையில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்கிறேன்.

முதலில் அந்த லெட்டரில் பணம் எந்தத் தலைப்பில் வருகிறது என்று பாருங்கள். டிஏ (கற்பித்தல் உதவியாளர்) என்றால் துறை தருகிறது, பதிலுக்கு லேப் வகுப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆர்ஏ (ஆய்வு உதவியாளர்) என்றால் உங்கள் கைடின் ஆய்வு மானியத்திலிருந்து வருகிறது. டிரெய்னிங் கிராண்ட் என்று சீனியர்கள் சொல்வது பெரும்பாலும் என்ஐஎச்சின் (அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு நிறுவனம்) டி-32. அது பல்கலைக்கழகத்துக்குத் தரப்படுவது. யாரை அதில் சேர்ப்பது என்பதை அங்கே அதற்குப் பொறுப்பான பேராசிரியர் முடிவு செய்வார், நாம் தனியாக என்ஐஎச்சுக்கு எழுத முடியாது.

அடுத்தது, நான் விழுந்த பள்ளம். மூன்றாம் ஆண்டில் எஃப்-31, அதாவது மாணவர் தன் பெயரிலேயே என்ஐஎச்சிடம் கேட்கும் ஃபெலோஷிப், எழுத உட்கார்ந்தேன். ஏப்ரல் 8 கெடு. ஒரு பக்க நோக்க அறிக்கையைப் பதினோரு முறை திருத்தியிருந்தேன், ஆறு பக்க ஆய்வுத் திட்டமும் முக்கால்வாசி முடிந்துவிட்டது. அப்போது பல்கலைக்கழகத்தின் மானிய அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல்: "கிரீன் கார்டு நகலை அனுப்பவும்." என்னிடம் ஏது கிரீன் கார்டு? மூன்று மாதம் போச்சு. கைடும் கவனிக்கவில்லை, நானும் தகுதிப் பத்தியைப் படிக்கவில்லை.

ஆகவே எதை எழுதும் முன்பும் தகுதிப் பத்தியைத்தான் முதலில் திறக்க வேண்டும். டி-32, எஃப்-31, ஆண்டுக்கு 37,000 டாலர் தரும் என்எஸ்எஃப்பின் (அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை) ஜிஆர்எஃப்பி ஃபெலோஷிப், இவை எல்லாமே குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களுக்குத்தான். வேடிக்கை என்னவென்றால், அதே என்ஐஎச் உங்கள் கைடுக்குக் கொடுக்கும் ஆர்01 ஆய்வு மானியப் பணத்தில் உங்களுக்குச் சம்பளம் தரத் தடையே இல்லை.

நமக்குத் திறந்திருக்கும் கதவுகளில் முக்கியமானது அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷனின் பிரிடாக்டோரல் ஃபெலோஷிப். எஃப்-1 போதும். ஆய்வு இதயம், ரத்தநாளம், மூளை நலம் இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட வேண்டும். என்னுடையது மைட்டோகாண்ட்ரியா என்பதால், இதயத் தசை செல் பக்கம் கதையைத் திருப்பி, வீணாய்ப் போன அந்த ஆறு பக்கத்தை இங்கே கொண்டுவந்தேன். கிடைத்தது. பெண்கள், பி.இ.ஓ. என்ற மகளிர் அமைப்பின் இன்டர்நேஷனல் பீஸ் ஸ்காலர்ஷிப்பையும் பாருங்கள், அது வெளிநாட்டு மாணவிகளுக்கென்றே உள்ளது.

மேற்கோள்களுக்கு ஜோட்டெரோ என்ற இலவச மென்பொருள் போதும், காசு கொடுத்து எதையும் வாங்காதீர்கள். கெடு தேதிகளுக்கு ஒரு சாதாரண எக்செல். அதில் "விசா" என்று ஒரு பத்தியை முதலாவதாகப் போடுங்கள்.

சரி, ஃபெலோஷிப் கிடைத்துவிட்டது. முதல் மாதம் வங்கியில் குறைவாக விழும், பதறாதீர்கள். டிஏ, ஆர்ஏ சம்பளம். ஃபெலோஷிப் சம்பளம் இல்லை. எஃப்-1 மாணவரின் உதவித்தொகையில் 14 விழுக்காடு வரியை முன்னதாகவே பிடித்துக்கொள்வார்கள். என்ஐஎச்சின் 2024 அளவான 28,224 டாலரையே எடுத்துக்கொள்வோம். மாதம் 2,352 வர வேண்டியது, 329 போய் 2,023தான் வரும். ஆண்டு முடிவில் வருவதும் சம்பளத்துக்கான டபிள்யூ-2 படிவம் அல்ல, வெளிநாட்டவரிடம் பிடித்த வரியைக் காட்டும் 1042-எஸ்.

பிடித்ததில் பாதிக்கு மேல் திரும்ப வாங்கலாம். இந்தியாவிலிருந்து வந்த மாணவர்களுக்கு வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவு, வரி போடும் முன் வருமானத்தில் கழித்துக்கொள்ளும் தொகையான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனைத் தருகிறது, 2024க்கு 14,600 டாலர். அதைக் கழித்தால் மேற்கண்ட தொகைக்கு மத்திய வரி ஏறக்குறைய 1,403. பிடித்தது 3,951. மிச்சம் 2,548 உங்களுடையது, மாநில வரி தனிக் கணக்கு. ஆனால் வரிக் கணக்கில் குடியிருப்பவராகக் கருதப்படாதவர்களுக்கான 1040-என்ஆர் படிவத்தில்தான் கேட்க வேண்டும். சந்தையில் இருக்கும் வரி மென்பொருள்கள் பல, குடியிருப்பவர்களுக்கான வெறும் 1040 மட்டும் போடுபவை, தப்பித்தவறி அதில் போட்டுவிடாதீர்கள். நான் 1040-என்ஆர் போடும் ஸ்பிரின்டாக்ஸ் மென்பொருளில் போடுகிறேன்.

பின்சேர்க்கை: கிரீன் கார்டு வைத்திருக்கும் ஒருவர், டி-32இல் சேர்ந்த பிறகு வரியே பிடிக்கவில்லை, ஜாலி என்று எழுதியிருந்தார். ஜாலி இல்லை! பிடிக்காவிட்டால் நீங்களே 1040-இஎஸ் என்ற முன்வரிப் படிவம் மூலம் காலாண்டுக்கு ஒருமுறை கட்ட வேண்டும்: ஏப்ரல், ஜூன், செப்டம்பர், அப்புறம் ஜனவரி, ஒவ்வொன்றிலும் 15ஆம் தேதி.