ஆறுதல் கடிதம் எழுதும்போது நாம் செய்யும் தவறுகள்

பல வருஷங்களுக்கு முன், ஏழாம் மாதத்தில் குழந்தையை இழந்த எங்கள் சபைப் பெண் ஒருத்திக்குக் கடிதம் எழுதினேன். நல்ல தாள், நிதானமான கையெழுத்து, நடுவில் வேதாகமத்திலிருந்து எரேமியா 29:11. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு" என்று தொடங்கும் அந்த வசனம் நமக்கெல்லாம் மனப்பாடம். காலண்டரில் இருக்கும், புது வருஷ ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையில் இருக்கும், கல்யாணப் பத்திரிகையிலும் இருக்கும். ரொம்ப நாள் கழித்து ஓர் அசனப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தபோது அவள் மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, நான் எதிர்பார்த்திருந்த முடிவு அது இல்லையே."

அன்று வீட்டுக்கு வந்து அந்த அதிகாரம் முழுவதையும் வாசித்தேன். எரேமியா 29 ஒரு கடிதம். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதியது. நாம் வெட்டி எடுக்கும் வசனத்துக்கு முந்தின வசனத்திலேயே 70 வருஷம் என்ற கணக்கு வருகிறது. அதற்கும் முன்னால், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள் என்று இருக்கிறது. அதாவது, சீக்கிரம் திரும்ப முடியாது. அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் பாபிலோனிலேயே கண்ணை மூடியிருப்பார்கள். 28ஆம் அதிகாரத்தில் அனனியா என்றொரு பொய்த் தீர்க்கதரிசி வருகிறார். இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்றவர் அவர்தான். கேட்க இனிப்பாக இருந்திருக்கும். நான் எழுதிய கடிதத்தில் வசனம் எரேமியாவுடையது, குரல் அனனியாவுடையது.

ஆக முதல் தவறு, நம் கையில் இருக்கும் வசனத்துக்கு ஆள் தேடுவது. ஒரு வசனத்தை எழுதும் முன் அதற்கு மேலே பத்து வசனம், கீழே பத்து வசனம் வாசியுங்கள். பிறகு, அந்த ஆள் இருக்கும் அறையில் அதைச் சத்தமாக வாசிக்க உங்களுக்கு வாய் வருமா என்று பாருங்கள். வராது என்றால் எழுதவும் வேண்டாம்.

இதன் சொந்தக்காரத் தவறு ஒன்று: தேவன் கொடுக்காத வாக்கை அவர் பெயரில் நாம் கொடுப்பது. "நிச்சயம் சுகமாவீங்க, விசுவாசம் மட்டும் குறையக்கூடாது" என்று புற்றுநோய்க்காரருக்கு எழுதுகிறோம். நோய் கூடினால் பழி அவருடைய விசுவாசத்தின் மேல் விழும். அப்போஸ்தலன் பவுலின் கடிதங்களைப் பாருங்கள். கூட ஊழியம் செய்த துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாக விட்டுவந்தேன் என்று ஒளிக்காமல் எழுதுகிறார். இன்னொரு ஊழியரான தீமோத்தேயுவுக்கு வயிற்றுக் கோளாறு. அவருக்கு, தண்ணீர் மட்டும் குடிக்காமல் கொஞ்சம் திராட்சரசமும் சேர்த்துக்கொள் என்று அந்தக் காலத்துக் கைமருந்தைச் சொல்கிறார். உன் விசுவாசம் போதாது என்று இருவரையும் அவர் குத்தவில்லை. மருந்தை நிறுத்தச் சொல்லி யாருக்காவது எழுதத் தோன்றினால் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள்.

அடுத்தது எனக்கு அதிகம் கோபம் வரும் விஷயம். ஜெபக்குறிப்பு. "சகோதரிக்காக ஜெபியுங்கள், கர்ப்பப்பையில் கட்டி, மாப்பிள்ளை வீட்டுக்கு இன்னும் சொல்லவில்லை" என்று வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். அந்தக் குழுவில் மாப்பிள்ளையின் சித்தியும் இருப்பார்! உள்நோக்கம் ஒன்றும் இருக்காது, பாரத்தோடு ஜெபிக்கிறவர்கள்தான். ஆனாலும் வம்புக்கும் ஜெபக்குறிப்புக்கும் நடுவில் சில சமயம் "ஆமென்" ஒன்றுதான் வித்தியாசம். பேர், நோய், ஆஸ்பத்திரி, கடன், குடிக்கிற கணவன், இதில் எதை எழுதுவதானாலும் சம்பந்தப்பட்டவரிடம் முதலில் கேளுங்கள். "உங்களுக்காக ஜெபிக்கச் சொல்லலாமா, எந்த அளவுக்குச் சொல்லட்டும்?" என்று கேட்க ஒரு நிமிஷம் போதும். கேட்க முடியாத நிலையென்றால் "ஒரு குடும்பத்துக்காக" என்று போட்டாலே ஜெபிக்கலாம். பேர் கர்த்தருக்குத் தெரியும்.

சாட்சியையும், அதாவது நம் சொந்த அனுபவத்தையும், அளந்து எழுத வேண்டும். நாலாம் வரியில் "எனக்கும் இப்படித்தான் 2009-ல்" என்று ஆரம்பித்தால், கடிதம் முடியும்வரை நீங்கள்தான் நோயாளி. உங்கள் கதை உதவும்போது மூன்று வரியில் சொல்லுங்கள். ஆனால் அதே வேதனையை அனுபவித்தவர் எழுதும் எழுத்துக்கு ஒரு தனி எடை உண்டு, அதையும் மறுக்க முடியாது. டோனாவூரில் மிஷனரியாக இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-ல் களக்காட்டில் குழியில் விழுந்தார். அதற்குப் பிறகு 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கைதான். நல்ல சுகத்தோடு இருப்பவர்கள் நோயாளிகளுக்காக எழுதிய துண்டுப் பிரசுரங்கள் அவருடைய மனசைத் தொடவில்லை. வலியோடு இருந்தவர், வலியோடு இருப்பவர்களுக்கென்றே கடிதங்கள் எழுதினார். சுகமாக இருக்கும் நாம், தெரிந்தது போல் எழுதாமல் இருந்தால் போதும்.

துக்க வீட்டுக்கு உற்சாகப் பாட்டு அனுப்புகிறவர்கள் நீதிமொழிகள் 25:20 வாசிக்கலாம். மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடுகிறவனை, குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைகிறவனுக்கு ஒப்பிடுகிறது அது.

பக்கத்து வீட்டில் இந்துக் குடும்பம், அப்பா இறந்துவிட்டார் என்று வையுங்கள். அந்த வாரத்தில் சுவிசேஷத் துண்டுப் பிரசுரத்தைக் கடிதத்தோடு மடித்து வைப்பது ஊழியம் என்று சிலர் நினைக்கிறார்கள். அழுகிறவர்களுடனே அழுங்கள் என்ற ரோமர் 12:15-ல் வேறு நிபந்தனை எதுவும் எழுதியிருக்கவில்லை. "கர்த்தருடைய சமூகத்தில்", "நித்திய இளைப்பாறுதல்" போன்ற நம் சபைத் தமிழும் அவர்களுக்குப் புரியாது. "உங்க அப்பா தினமும் காலையில எங்க வாசலுக்கும் சேர்த்துத் தண்ணி தெளிப்பார்" என்று எழுதுங்கள், அது புரியும்.

காலத்தையும் தவறவிடுகிறோம். அடக்க ஆராதனை நடந்த வாரத்தில் செய்தி குவியும். முப்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும் தெரு அமைதியாகிவிடும். அவர் இல்லாத முதல் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், அவருடைய பிறந்தநாள், இவற்றைக் குறித்துவைத்து அன்று எழுதுங்கள். தாமதமாகிவிட்டதே என்று கூச்சப்பட்டு எழுதாமலே விடுகிறவர்கள் அதிகம். தாமதமாக வரும் கடிதத்துக்குப் போட்டியே கிடையாது.

கடைசியாக, சாதாரண விஷயத்தை எழுதினால் ஆவிக்குரிய கடிதமாக இருக்காதோ என்ற பயம். மரணத்தை எதிர்பார்த்து எழுதும் இரண்டாம் தீமோத்தேயு நிருபத்தில் பவுல், துரோவாவில் கார்ப்பு வீட்டில் விட்டுவந்த மேலங்கியை எடுத்துவரச் சொல்கிறார், குளிர்காலத்துக்கு முன் வந்துவிடு என்கிறார். எங்கள் அப்பா இறந்தபோது வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அம்மாவுக்கு நினைவில்லை. ஒன்றை மட்டும் தன் வேதாகமத்துக்குள் கடைசிவரை வைத்திருந்தார். சபையில் யாரும் பெரிதாக மதிக்காத ஒரு பாட்டி, கோணல்மாணலாக எழுதியது: "செவ்வாக்கிழமை மீன்குழம்பு குடுத்துவிடுதேன். ஏனத்தைக் கழுவித் தர வேண்டாம். நான் வந்து எடுத்துக்கிடுதேன், அப்ப கொஞ்ச நேரம் இருக்கேன்."