செட்டிநாட்டு வளவுப் படங்கள்: வெயில் பட்ட இடம் வெளுக்காமல் ரா ஃபைலைப் பதப்படுத்துவது

செட்டிநாட்டு வீட்டில் படம் எடுப்பவருக்குச் சோதனை வளவுதான்; அதாவது நடுவில் திறந்த வாசலும் சுற்றிலும் தூண் தாழ்வாரமும் உள்ள பகுதி. திறந்த வாசலில் உச்சி வெயில், சுற்றுப்பத்தியில் தேக்குத் தூண்களின் இருட்டு. தூணுக்கு ஒளி அளந்தால் வாசல் வெள்ளைத்தாளாகிவிடும். இருட்டைப் பிறகு ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் சென்சார் தரவு) தூக்கலாம்; சென்சாரில் நிரம்பி வழிந்ததை எந்த மென்பொருளும் மீட்காது.

அதனால் வெயில் பட்ட தரையை ஸ்பாட் மீட்டரில் (ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் முறை) அளந்து, அதற்கு மேல் 2 ஸ்டாப் கூட்டி எடுங்கள்; ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பு. ஐஎஸ்ஓ 100 அடிப்படை அளவாக உள்ள கேமராவில் 50-க்கு இறங்க வேண்டாம். பெரும்பாலும் அதில் மேல்பக்கம் ஒரு ஸ்டாப் இடம் குறைந்துவிடும். பின்திரை ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) கேமரா பதப்படுத்திய ஜேபெக்கைப் பார்த்துப் போடுவது, ஆகவே ரா வெளுக்கும் முன்பே எச்சரிக்கும்.

கணினியில் முதல் வேலை, எது உண்மையில் போய்விட்டது என்று பார்ப்பது. ரா பதப்படுத்தும் மென்பொருளான டார்க்டேபிளில் ரா ஓவர்எக்ஸ்போஸ்டு பொத்தானை அழுத்தினால் சிவப்பு, பச்சை, நீலம் என்ற நிறச் சானல்களில் எது நிரம்பியது என்றே காட்டும். இன்னொரு மென்பொருளான லைட்ரூமில் எக்ஸ்போஷரை -2 வரை இறக்குங்கள். அப்போதும் கோடு, கறை எதுவும் தெரியாத இடம் போனதுதான்.

வெளுத்த இடம் ரோஜா நிறமாகத் தெரிவது பலரைக் குழப்பும். வெயிலில் முதலில் நிரம்புவது பெரும்பாலும் பச்சைச் சானல். 14 பிட் ஃபைலில் அது 16383-ஐத் தாண்ட முடியாது. வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் ஒயிட் பேலன்ஸ் சிவப்பையும் நீலத்தையும் ஒன்றரை, இரண்டு மடங்கு பெருக்கும்போது பச்சை மட்டும் பின்தங்கிவிடுகிறது. ஆனால் சிவப்பு, நீலச் சானல்களில் விவரம் மிச்சம் இருக்கிறது. டார்க்டேபிளின் ஹைலைட் ரீகன்ஸ்ட்ரக்ஷனில் உள்ள இன்பெயின்ட் ஆப்போஸ்டு என்ற முறை அதைக் கொண்டுதான் நிரப்புகிறது. அப்படியும் ரோஜா நிறம் போகவில்லையென்றால் ஒயிட் பாயிண்ட், அதாவது சென்சார் நிரம்பியதாக மென்பொருள் கருதும் எல்லை, தவறாக இருக்கலாம். நிறம் மறையும் வரை அதைச் சிறிது சிறிதாகக் குறைத்து வாருங்கள்.

அதன் பிறகே தொனி. லைட்ரூமில் எக்ஸ்போஷர் -0.7, ஹைலைட்ஸ் -60, ஷேடோஸ் +30 நல்ல தொடக்கம். ஆல்ட் விசையை அழுத்தியபடி ஒயிட்ஸை நகர்த்தி, புள்ளிகள் தோன்றும் இடத்துக்குச் சற்று முன் நிறுத்துங்கள். ஹைலைட்ஸை -100-க்கு இழுத்தால் வெயில் சாம்பல் பூத்து, தூண் ஓரங்களில் ஒளிவட்டம் வந்துவிடும். வெயில் வெயிலாகவே இருக்க வேண்டும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புச் சுவரில் மின்னும் சிறு பளபளப்பை வெள்ளையாகவே விடுங்கள். அதைச் சுற்றி சாயல் படிப்படியாக மாறினால் போதும்.

ஆத்தங்குடிக் கல்லின் (செட்டிநாட்டுத் தரை ஓடு) சிவப்பு வேறு கதை. ரா எச்சரிக்கை எதுவும் வராது, ஆனால் பூ வேலைப்பாட்டின் கோடுகள் கரைந்து ஒரே சிவப்பாகும். திரைகளிலும் இணையத்திலும் பொதுவாகப் பயன்படும் எஸ்ஆர்ஜிபி நிறவெளிக்குள் அந்தச் சிவப்பு அடங்காமல் போவது காரணமாக இருக்கலாம். ஹைலைட்ஸ் இங்கே உதவாது. சிவப்பின் சாச்சுரேஷனை (நிறத்தின் அடர்வு) மட்டும் -10, -15 இறக்கினால் கோடு திரும்பும்.

தூக்கிய நிழலில் புள்ளிப்புள்ளியாக இரைச்சல் தாங்க முடியாமல் போனால், முக்காலி வைத்து 2 ஸ்டாப் இடைவெளியில் மூன்று படம் எடுத்துச் சேர்ப்பதே வழி.