2 மில்லிகிராம் ஹைட்ரோகோர்ட்டிசோனை ஜெலி வில்லையாக அச்சிடும் முறை

பிறவியிலேயே அதிரீனல் சுரப்பிக் குறைபாடுள்ள பிள்ளைக்கு அந்தச் சுரப்பி தராத ஹோர்மோனுக்கு ஈடாக வேளைக்கு 2 மி.கி. ஹைட்ரோகோர்ட்டிசோன் என்று வைத்தியர் எழுதுகிறார். மருந்தகத்தில் இருப்பதோ 10 மி.கி. குளிசை. நாலாக உடைத்தால் துண்டுக்கு 2.5 மி.கி. என்பது கணக்கு மட்டும்தான். தராசில் வைத்துப் பாருங்கள், நாலும் நாலு நிறையில் இருக்கும். நாளுக்கு மூன்று வேளை, வருடக்கணக்கில் எடுக்க வேண்டிய மருந்துக்கு இந்த ஏற்ற இறக்கம் ஆகாது. சிரிஞ்சில் நிரப்பிய களியைப் படைபடையாகப் பிழியும் முப்பரிமாணப் பிரிண்டர் இதற்கு ஒரு வழி.

இது ஆஸ்பத்திரி மருந்தாளருக்கும் மருந்தியல் மாணவருக்கும் எழுதியது. வீட்டில் செய்து பார்க்கும் வேலை அல்ல. மருந்து சேர்க்கும் முன் குழந்தை நல நிபுணரின் எழுத்துமூலப் பணிப்பும், ஆஸ்பத்திரி மருந்துக் குழுவின் ஒப்புதலும், தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் நிலைப்பாடும் கையில் இருக்க வேண்டும். அதுவரை மருந்தில்லாத களியில் பழகுங்கள்.

எதில் கலப்பது?

வெளிநாட்டுக் குறிப்புகளில் பெரும்பாலும் ஜெலட்டின்தான். பன்றி ஜெலட்டினைக் காத்தான்குடியிலோ அக்கரைப்பற்றிலோ எந்த முஸ்லிம் தாயும் பிள்ளைக்குக் கொடுக்கமாட்டார். மாட்டு ஜெலட்டினைச் சைவக் குடும்பங்கள் தொடா. மீன் ஜெலட்டின் நம் அறை வெப்பத்தில் உறையவே மறுக்கும். கொழுப்புத் தளங்கள் பல 34 பாகை செல்சியஸை அண்டி உருகுபவை. கச்சான் காற்று அடிக்கும் நாளில் வீடு போய்ச் சேருமுன்னே அவை குழம்பாகிவிடும். ஆகவே கப்பா கராஜீனன், சிவப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் உறைபொருள். நோன்புக்காலக் கடற்பாசியைப் போலத்தான் இதுவும்: ஒருமுறை உறைந்தால் உச்சி வெயிலிலும் இலகுவில் இளகாது.

30 கிராம் களிக்கு ஒரு தொடக்க அளவு: கப்பா கராஜீனன் 0.6 கி., சோள மா 1.5 கி., கிளிசரோல் 6 கி., 70% சோபிற்றோல் பாணி 12 கி., பொற்றாசியம் சோபேற்று 0.03 கி., ஹைட்ரோகோர்ட்டிசோன் தூள் 120 மி.கி., pH-ஐச் சரிசெய்யக் கொஞ்சம் சிற்றிக் அமிலம், மிகுதி சுத்திகரித்த நீர். கிராமுக்கு 4 மி.கி. மருந்து, அதனால் 500 மி.கி. வில்லையில் 2 மி.கி. இருக்கும். 1.5 மி.கி. வேண்டுமென்றால் வில்லை 375 மி.கி.; களி அதேதான், வடிவத்தின் அளவு மட்டும் மாறும். குளிசையை இடித்துப் போடாதீர்கள், அதன் கரையாத துணைப்பொருள்கள் ஊசியை அடைக்கும். பகுப்பாய்வுச் சான்றிதழுள்ள தூளே வேண்டும்.

களி செய்தல்

வெறும் பீக்கரை நிறுத்துக் குறியுங்கள். பிந்திய கணக்கெல்லாம் அந்த எண்ணில்தான் நிற்கிறது. கராஜீனனையும் மாவையும் 4 கி. கிளிசரோலில் குழைத்தபின் நீரும் பாணியும் சோபேற்றும் சேர்க்கவும். கராஜீனனை நேரே நீரில் கொட்டினால் கட்டிபடும். மூடிக் கிளறியபடி 80 பாகையில் 20 நிமிடம் வைக்கவும். மீதி 2 கி. கிளிசரோலில் மருந்துத் தூளை உரலிலிட்டு, வெண்புள்ளி மறையும்வரை அரைத்து, களி 65 பாகைக்கு இறங்கியதும் சிறிது சிறிதாகச் சேர்க்கவும். உரலைக் களியாலேயே கழுவி அதையும் ஊற்றவும். சிற்றிக் அமிலம் கடைசியில், pH 4.5 அளவுக்கு. முதலிலேயே போட்டால் சூட்டில் அமிலம் கராஜீனனை அறுத்துவிடும், வில்லை உறையாது.

இனி பீக்கரை மறுபடி நிறுக்கவும். ஆவியான நீரைச் சுடுநீரால் ஈடுசெய்து, களியைச் சரியாக 30 கிராமுக்குக் கொண்டுவரவும். இதைத் தவறவிட்டால் 3 கிராம் நீர் போன களியில் ஒவ்வொரு வில்லையிலும் 11% மருந்து கூடிவிடும். பிரிண்டருக்கு அது தெரியாது, அது கனவளவைத்தான் அறியும்.

அச்சிடுதல்

களியில் கொஞ்சம் எடுத்து ஆறவிட்டு, எந்த வெப்பத்தில் இறுகத் தொடங்குகிறது என்று குறித்து, சிரிஞ்சை அதைவிட 10 பாகை கூட்டி வையுங்கள். பொற்றாசியம் அந்த வெப்பத்தை உயர்த்தும். சோபேற்றைக் கூட்டினால் இதையும் திரும்பப் பார்க்க வேண்டும். 18 கேஜ் மழுங்கல் உலோக ஊசி, படை உயரம் 0.62 மி.மீ., ஆறு படை, விட்டம் 12 மி.மீ., உள் நிரப்பு 100%, வேகம் செக்கனுக்கு 10 மி.மீ. களியின் அடர்த்தி மி.லீற்றருக்கு 1.2 கி. அளவானால் இது 500 மி.கி.-ஐ ஒட்டி வரும். முதல் மூன்று வில்லைகளைக் கழித்துவிட்டு, நிறை பார்த்துப் பிழிவளவைத் திருத்தவும்.

நிறையை அச்சிட்ட உடனேயே பார்க்க வேண்டும். ஒரு மணித்தியாலம் காயவிட்டால் நீர் போய் நிறை குறையும், மருந்து குறையாது. காய்ந்த நிறையைப் பார்த்துப் பிழிவைக் கூட்டினால் பிள்ளைக்குக் கூடுதல் மருந்துதான் போகும். குளிசைகளுக்கான மருந்துக்கோவை (பார்மகோபியா) விதியை இங்கும் வைத்துக்கொள்ளலாம்: 20 வில்லைகளில் இரண்டுக்கு மேல் சராசரியிலிருந்து 5% விலகக்கூடாது, ஒன்றுகூட 10% விலகக்கூடாது.

நிறை சரி என்றால் மருந்தளவும் சரி என்று ஆகிவிடாது. ஹைட்ரோகோர்ட்டிசோன் நீரில் மிகக் குறைவாகவே கரையும். களியில் பெரும்பகுதி மிதக்கும் துகள்தான், சூட்டில் களி இளகினால் அடியில் தங்கும். சிரிஞ்சின் தொடக்கம், நடு, முடிவிலிருந்து வில்லை எடுத்து, மொத்தம் பத்தைத் தனித்தனியே சோதிக்கவும். ஒவ்வொன்றும் சராசரியின் 85–115 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். மெதனோலில் பிரித்தெடுத்தால் 242 நானோமீற்றரில் ஒளியுறிஞ்சலை அளக்கலாம். களித்தளத்தின் உறிஞ்சலைக் கழிக்க மருந்தில்லா வில்லை ஒன்றையும் கூடவே ஓட்டவும். எச்.பி.எல்.சி. (கலவையிலிருந்து மருந்தைப் பிரித்து அளக்கும் கருவி) கிடைத்தால் அதுவே நம்பகம். கடைசி வில்லைகளில் மருந்து கூடியோ குறைந்தோ வந்தால் மாவை 0.5 கி. கூட்டிப் பாருங்கள்.

நடுவில் கரண்ட் போனால் களி ஊசியிலேயே இறுகிவிடும். உருக்கித் தொடராமல் அந்தத் தொகுதியையே கழிக்கவும். யு.பி.எஸ். இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

கொடுக்கும்போது

4 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு இவ்வடிவம் வேண்டாம், தொண்டையில் சிக்கும். அவர்களுக்குச் சிரிஞ்சால் கொடுக்கும் திரவமே பாதுகாப்பு. ஹைட்ரோகோர்ட்டிசோன் கசக்கும், கொஞ்சம் இனிப்பும் சுவையும் தேவைதான். ஆனால் பெட்டிக்கடை ஜெலி போல வண்ணமும் பூனை வடிவமும் வைத்தால் தம்பி தங்கச்சிமாரும் எடுத்துத் தின்பார்கள். சாதாரண வட்டம் போதும். மாரிகாலத்தில் சோபிற்றோல் ஈரம் உறிஞ்சி வில்லைகள் ஒட்டிக்கொள்ளும், எனவே ஒவ்வொன்றையும் தனித்தனியே அடைக்கவும். உங்கள் களிக்கே உரிய நிலைத்தன்மைச் சோதனை முடியும்வரை 2–8 பாகையில் 14 நாளுக்கு மேல் வைக்க அனுமதிக்காதீர்கள். லேபிளில் ‘ஒரு வில்லை’ என்று மட்டும் எழுதாமல் ‘ஒரு வில்லையில் 2 மி.கி.’ என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதவும். வைத்தியர் அளவை மாற்றினால் பழைய வில்லைகளை மீளப் பெற்றுக்கொண்டே புதியதைக் கொடுக்கவும்.