மட்டக்களப்புக் கூத்தை விடியும்வரை பார்ப்பது எப்படி?

இலங்கையின் மட்டக்களப்பு நகர மையமான புளியந்தீவில் தங்கும் வெளியூரவர், வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக் கிராமமொன்றில் கூத்து ஆடப்படுவதாக அறிந்தால், விடியும்வரை விழித்திருக்கும் எண்ணத்தோடு பாயொன்றை எடுத்துச் செல்வது நல்லது. வட்டக்களரி எனப்படும் வட்டமான ஆடுகளத்தை நாற்புறமும் இருந்து பார்க்கலாம் என்றாலும், மத்தளம் அடிக்கும் அண்ணாவியாரின் (கூத்தைப் பழக்கும் ஆசிரியரின்) கைகள் தெரியும் பக்கத்தையே நான் தேர்ந்தெடுப்பேன். ஏனெனில், அவர் சொல்லும் தாளக்கட்டுக்கு, அதாவது தாளச் சொற்கோவைக்கு, ஏற்பச் சதங்கை கட்டிய கால்கள் மண்ணை மிதிப்பதையும், ஆடுபவர் பாடிய வரியைப் பிற்பாட்டுக்காரர் ஏந்திக்கொள்வதையும் அங்கிருந்து ஒருசேரக் காணலாம். கூத்தின் இரு ஆட்டமுறைகளில், போர் மிகுந்த இதிகாசக் கதை பெரும்பாலும் வடமோடியாகவும், காதற்கதை தென்மோடியாகவும் இருக்கும். படம் எடுக்குமுன் அனுமதி கேளுங்கள்.

அதே பயணத்தில் கைத்தறித் துணியும் வாங்க விரும்பினால், கல்முனைக்கு வடக்கேயுள்ள மருதமுனைக்குச் சென்று, தறியில் ஊடுநூலைக் கொண்டு ஓடும் நாடாவைச் சற்று நேரம் பார்த்த பின், சாரத்தையோ (லுங்கி) சேலையையோ நெய்தவரிடமே வாங்குங்கள்.