முழு வேகத்தில் மூச்சுத் திணறிய அவுட்போர்டு

தேங்காப்பட்டணத்தில் எங்கள் பைபர் படகுக்கு 115 குதிரைத்திறன் அவுட்போர்டு (படகின் பின்பக்கம் வெளியே தொங்கும் இன்ஜின்) மாட்டியதிலிருந்து ஒரே தொல்லை. முகத்துவாரம் தாண்டி நீரோடி பக்கம் முழு வேகம் பிடித்தால், கொஞ்ச நேரத்தில் இன்ஜின் இழுவை இல்லாமல் அமர்ந்துவிடும். பாதி வேகத்தில் ஒரு குறையும் கிடையாது. பிளக், ஃபில்டர் மாற்றினோம். பெட்ரோல் பம்பையும் கழற்றிப் பார்த்தாயிற்று. பெட்ரோல் டியூபை 3/8 அங்குலமாக்கியும் அதே கதைதான்.

ஓடும்போதே பிரைமர் பல்பை, அதாவது பெட்ரோல் டியூபின் நடுவில் கையால் அமுக்கும் ரப்பர் குமிழைப் பார்க்கச் சொன்னார் மெக்கானிக் அண்ணன். சப்பிப்போட்ட மாங்கொட்டை மாதிரி ஒட்டிக் கிடந்தது. பல்பு இப்படி ஒட்டினால் அடைப்பு அதற்கும் டேங்குக்கும் நடுவில்தான். தனி கேனிலிருந்து பெட்ரோல் கொடுத்தோம், சீறிக்கொண்டு போனது.

அப்புறம் டேங்க் வாயிலுள்ள நிப்பிளைக் கழற்றினோம். வெளியே பார்த்தால் சாதாரண நிப்பிள்; உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு சின்னக் குண்டு. ஆன்டி சைபன் வால்வு (டேங்க் பெட்ரோல் தானாக இறங்காமல் தடுப்பது)! பழைய சின்ன இன்ஜினுக்குப் போட்டது, துளை குறுகல். போதாததற்குக் குண்டில் பெட்ரோல் பிசின் வேறு. அகலத் துளை வால்வு போட்டதும் சரியாகிவிட்டது. அப்பாடா!

வால்வே வேண்டாம் என்று மட்டும் எடுத்துவிடாதீர்கள். டியூப் எங்காவது அறுந்தால் டேங்கிலுள்ள பெட்ரோல் தானாக இறங்கிப் படகின் அடியில் தேங்கும். பேட்டரி வயரில் ஒரு பொறி வந்தால் பற்றிக்கொள்ளும்.